இளவயதுத் தவறுகளின் உறுத்தலுக்குக் கவுன்சலிங்: எது பலன் தருகிறது, எங்கே சறுக்குகிறது

பதினெட்டு, இருபது வயதில் செய்த ஒரு காரியம் நாற்பதைத் தாண்டிய பிறகும் தூக்கத்தைப் பறிக்கிறது. கூடப் படித்தவனைக் கும்பலோடு சேர்ந்து கேலி செய்தே ஓட வைத்தது, நம்பி வந்தவரைப் பாதியில் கைவிட்டது, வீட்டுப் பணத்தை எடுத்தது, குடித்துவிட்டு வண்டியோட்டி ஒருவரைக் காயப்படுத்தியது, பெற்றவர் கடைசிப் படுக்கையில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதது. இப்படி ஓர் உறுத்தலோடு கவுன்சலிங்குக்குப் போனால் என்ன கிடைக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கான மதிப்புரை இது. எடுத்துக்கொண்டது ஆலோசகரோடு தனியாக உட்கார்ந்து பேசும் சேவையை: வாரம் ஒரு அமர்வு, 45 முதல் 50 நிமிடம், மொத்தம் எட்டிலிருந்து பதினாறு அமர்வுகள். மருந்து, எழுத்துப் பயிற்சி, குழுக்கள் எல்லாம் அதை ஒட்டி வரும்.

இந்தச் சேவையின் தரத்தை ஒரே கேள்வியில் அளந்துவிடலாம். “நீங்கள் செய்ததால் யாருக்கு என்ன ஆனது? அவர் இப்போது எப்படி இருக்கிறார்?” என்று முதல் இரண்டு அமர்வுக்குள் ஆலோசகர் கேட்கிறாரா? கேட்டால் தொடரலாம். “சின்ன வயசுல எல்லாரும் பண்றதுதானே, விட்டுத்தள்ளுங்க” என்று ஆரம்பித்தால் அது நல்ல அறிகுறி இல்லை. வந்தவர் அந்த வார்த்தையைத் தனக்குத் தானே ஆயிரம் முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அது பலிக்காததற்குக் காரணம் உண்டு. அடிபட்டவர் ஒருவர் இருக்கிறார் என்பது மனசாட்சிக்குத் தெரியும், ஆறுதலோ அவரை விட்டுவிட்டுப் பேசுகிறது. நல்ல கவுன்சலிங் உறுத்தலை அழிக்காது. உண்மையில் உங்களுடைய பங்கு எவ்வளவு என்று பிரித்து, அதை உங்கள் கையில் கொடுத்து, அதற்கு என்ன செய்ய முடியும் என்று கேட்கும்.

முதல் அமர்வு விசாரணைக்கு. என்ன நடந்தது, அப்போது வயது என்ன, கூட யார் இருந்தார்கள் என்பதோடு, உறுத்தல் எப்போது தொடங்கியது என்றும் கேட்க வேண்டும். பலருக்கு அது தவறு நடந்த உடனே தொடங்குவதில்லை. தன் பிள்ளை அதே வயதை எட்டும்போது, ஒரு சாவு விழும்போது, பழைய பெயர் ஒன்று போன் திரையில் திடீரென வந்து நிற்கும்போது கிளம்பும். ‘ஏன் இப்போது’ என்பதற்குக் கிடைக்கும் பதில்தான் சிகிச்சை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டும்.

அதே அமர்வில் மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். அளவுக்கு மீறிய குற்ற உணர்வு மனச்சோர்வு நோயின் ஒன்பது அடையாளங்களில் ஒன்று. அவற்றில் குறைந்தது ஐந்து இரண்டு வாரம் தொடர்ந்து இருந்து, அந்த ஐந்தில் சோர்ந்த மனநிலையோ எதிலும் நாட்டமின்மையோ ஒன்றாக இருந்தால், மருத்துவர்கள் அதை நோய் என்று கணக்கில் எடுக்கிறார்கள். பி.ஹெச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. மதிப்பெண் 0 முதல் 27 வரை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விவரமாக விசாரிக்க வேண்டும். மனச்சோர்வால் வரும் குற்ற உணர்வுக்கு ஒரு குணம் உண்டு: அது பரவும். ஒரு தவறில் ஆரம்பித்து, பிறந்ததிலிருந்து செய்த எல்லாமே தவறு என்று ஆகிவிடும். அந்த நிலையில் பழைய சம்பவத்தைத் தோண்டுவதில் பயன் இல்லை. முதலில் மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். மருந்து தேவைப்பட்டால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ அடுத்த அமர்வுவரை காத்திருக்கவே கூடாது. அன்றே மருத்துவமனைக்கோ அவசர உதவிக்கோ போக வேண்டும், தனியாக இருக்கக் கூடாது.

பெரும்பாலும் தவறவிடப்படுவது இன்னொன்று. குற்ற உணர்வு மாதிரியே வேடம் போட்டு வரும் ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்யும் சடங்கும் திரும்பத் திரும்ப வரும் மனநோய். நடந்தது சின்ன விஷயம், அல்லது பெரிய விஷயமாகவே இருக்கலாம், ஆனால் மனம் ஓடுவது வேறு திசையில்: “நான் நிஜமாகவே அப்படிச் சொன்னேனா? அவன் முகம் எப்படி மாறியது? வேண்டுமென்றே செய்தேனா?” ஒரே நினைவை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சோதிப்பார். மனைவியிடம் ஒப்புக்கொள்வார், அரை மணி நேரம் நிம்மதி, பிறகு “ஒரு விவரம் விட்டுப்போச்சு” என்று மறுபடி ஒப்புக்கொள்வார். இங்கே அனுதாபத்தோடு கேட்டு ஆறுதல் சொல்லும் சாதாரணக் கவுன்சலிங் நோயை வளர்க்கும். ஒவ்வொரு ஆறுதலும் அடுத்த சந்தேகத்துக்குத் தீனி. இணையத்தில் தேடுவதும், அரட்டைச் செயலியிடம் ஒரே கேள்வியை நூறு விதமாகக் கேட்பதும் இதே கணக்குதான்.

இதற்குத் தேவை வேறு சிகிச்சை: சந்தேகத்தை நேரே சந்திக்க வைத்து, வழக்கமான சடங்கைச் செய்யவிடாமல் நிறுத்தும் முறை. “நான் வேண்டுமென்றே செய்திருக்கலாம், அது எனக்கு ஒருநாளும் உறுதியாகத் தெரியாமலே போகலாம்” என்று எழுதி, உரக்க வாசித்து, யாரிடமும் கேட்காமல், நினைவைச் சோதிக்காமல் அந்தப் பதற்றத்தோடே இருக்கப் பழகுவது. முதல் சில நாள் கடினம்தான். உங்கள் ஆலோசகருக்கு இந்த முறையில் பயிற்சி உண்டா என்று நேராகக் கேளுங்கள். இல்லையென்றால் பயிற்சி உள்ளவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். தயங்காமல் அனுப்பிவைப்பவர் நேர்மையானவர்.

இந்த இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அசல் வேலை. மூன்றாவது அமர்விலிருந்து ஆறாவது வரை நடப்பது பெரும்பாலும் பிரித்தெடுத்தல், சேவையின் பலமும் இதுதான். ஒரு விஷயத்தின் முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருந்தது போல நினைக்கும் பழக்கம் மனித மூளைக்கு உண்டு. உளவியல் ஆய்வாளர் பரூக் ஃபிஷாஃப் 1975இல் இதைச் சோதனை செய்து காட்டினார். முடிவைச் சொல்லிவிட்டால், அது நடக்க வாய்ப்பு அதிகம் என்று தாங்களே ஊகித்திருப்போம் என மக்கள் நம்பினார்கள். இளவயதுத் தவறுகளில் இது இரட்டிப்பாக வேலை செய்கிறது. நாற்பது வயது அறிவை இருபது வயதுக்காரன் தலையில் ஏற்றி வைத்து, “தெரிந்தே செய்தான்” என்று தீர்ப்பெழுதுகிறோம்.

இதற்கு ஆலோசகர் தரும் பயிற்சி எளிமையானது. ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் அன்று அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்தவை மட்டும், வலப்பக்கம் பிறகு தெரிந்துகொண்டவை. ஒவ்வொரு வரிக்கும் ‘எப்போது தெரிந்தது’ என்று மாதமோ வருடமோ எழுத வேண்டும். தேதி எழுதாவிட்டால் பயிற்சி வீண், ஏனென்றால் வலப்பக்கத்து வரிகள் சத்தமில்லாமல் இடப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். “அவன் வீட்டில் ஏற்கெனவே பிரச்சினை இருந்தது” என்ற வரியை எல்லோரும் இடப்பக்கம்தான் எழுதுவார்கள். தேதி கேட்டால் பல நேரம் அது சம்பவத்துக்கு மூன்று வருடம் கழித்துக் கேள்விப்பட்டதாக இருக்கும். எதிர்மாறாகவும் நடக்கும். “எனக்கு அப்போது ஒன்றுமே தெரியாது” என்று தொடங்கியவர், இடப்பக்கத்தில் “அவள் அழுததைப் பார்த்தேன்” என்று எழுத வேண்டி வரும். அந்த வரியை ஆலோசகர் அழிக்க விடக் கூடாது.

அடுத்து வருவது பொறுப்பை வட்டமாக வரைந்து பங்கு பிரிப்பது. பல ஆலோசகர்கள் சொதப்பும் இடமும் இதுதான், அதனால் வரிசையைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. நடந்ததற்குக் காரணமான எல்லா ஆட்களையும் சூழ்நிலைகளையும் முதலில் பட்டியலிட வேண்டும். உங்கள் பெயர் பட்டியலில் கடைசி. பிறகு மற்றவர்களுக்கு நூற்றில் எவ்வளவு என்று பங்கு கொடுத்துக்கொண்டே வந்து, மிச்சத்தைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும். உங்கள் பெயரை முதலில் எழுதினால் 90, 100 என்று போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுவீர்கள். ஓர் உதாரணம்: நான்கு பேர் சேர்ந்து ஒருவனைக் கேலி செய்து அவன் படிப்பை விட்டுவிட்டான். ஆரம்பித்தவனுக்கு 30, கூடச் சிரித்த இருவருக்கும் சேர்த்து 20, பார்த்தும் பார்க்காதது போலப் போன ஆசிரியருக்கு 15, மிச்சம் 35 உங்களுக்கு. இது கணிதம் இல்லை, எண் சற்று முன்பின் ஆனாலும் பாதகமில்லை. வேண்டியது, அந்த 35ஐ ஒரு வினைச்சொல்லோடு எழுதுவது: “அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தது நான்”, “மறுநாளும் கூப்பிட்டது நான்”. பங்கு பூஜ்யத்துக்கு இறங்கினாலும் தவறு, நூறிலேயே நின்றாலும் தவறு. பூஜ்யம் வந்தால் ஆலோசகர் ஆறுதல் வியாபாரம் செய்கிறார். பங்கைக் குறைக்க ஒருவர் மனம் அறவே இடம் கொடுக்கவில்லை என்றால் மனச்சோர்வுக் கேள்வித்தாளை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

வயதுக்கும் ஒரு பங்கு உண்டு, அதை நேர்மையாகக் கணக்கிடலாம். மூளையின் முன்பகுதி, அதாவது பின்விளைவை எடைபோட்டு நிதானிக்கும் பகுதி, இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், காரோட்டும் விளையாட்டொன்றில் நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்ம வயதினரும் இளைஞர்களும் தனியாக ஆடியதைவிட அதிகம் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. கும்பலில் செய்த தவறுகளுக்கு இது பொருந்தும். தனியாக, பல மாதம் திட்டமிட்டுச் செய்த ஒன்றுக்கு இதைச் சாக்காகக் கொண்டுவரும் ஆலோசகரை நம்ப வேண்டாம். விளக்கம் வேறு, விலக்கு வேறு.

உறுத்தலுக்குள்ளேயே இரண்டு குரல்கள் உண்டு. “நான் செய்தது தப்பு” என்பது ஒன்று, “நானே தப்பான பிறவி” என்பது மற்றொன்று. உளவியல் ஆய்வாளர் ஜூன் டேங்னி நீண்ட காலமாகச் செய்த ஆய்வுகளில், முதல் குரல் ஈடு செய்யத் தூண்டுவதாகவும், இரண்டாவது குரல் ஒளிந்துகொள்ளவும் மற்றவர் மேல் பழி போடவும் தள்ளுவதாகவும் தெரிகிறது. ஆகவே ஆலோசகர் முதல் குரலைக் குறைக்க முயன்றால் தடுங்கள், இரண்டாவதைக் குறைக்க உதவினால் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே மாத்திரையில் தீர்க்கப் பார்ப்பவர்கள் அதிகம்.

இரண்டாவது குரல் சும்மா இருக்காது, தண்டனையும் விதிக்கும். ராப் நெலிசன், மார்செல் ஜீலன்பெர்க் ஆகியோர் 2009இல் காட்டியது இது: ஈடு செய்ய வழி இல்லாதபோது குற்ற உணர்வுள்ளவர்கள் தங்களையே தண்டித்துக்கொள்கிறார்கள். வாழ்க்கையில் அது பதவி உயர்வை மறுப்பதாக, மரியாதை இல்லாத உறவில் ஒட்டிக் கிடப்பதாக, யார் பாராட்டினாலும் கூசிப்போவதாக வெளிப்படும். “உங்களுக்கு நீங்களே எதையெல்லாம் மறுத்து வைத்திருக்கிறீர்கள்?” என்ற கேள்வியை நல்ல ஆலோசகர் ஐந்தாவது அமர்வுக்குள் கேட்டிருப்பார். அந்தப் பட்டியலில் உள்ள எதனாலும் அடிபட்டவருக்கு ஒரு தம்பிடி லாபம் இல்லை என்பதைத் தாளில் பார்க்கும்போது, பலருக்கு முதன்முறையாகப் பிடி தளரும். தன்னை மன்னித்தால் மறுபடி தப்புச் செய்துவிடுவோம் என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. மைக்கேல் வோல் குழுவினரின் 2010ஆம் ஆண்டு ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வின்போது குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தேர்வு சின்ன விஷயம்தான். ஆனாலும் மன்னிப்பு என்றாலே சோம்பல் என்ற எண்ணத்தை அது அசைக்கிறது.

பெரும்பாலான கவுன்சலிங் இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது, அதுதான் இந்தச் சேவையின் மிகப் பெரிய ஓட்டை. பிரித்துக் கையில் கொடுத்த 35 பங்கை என்ன செய்வது? ஏழாவது அமர்விலிருந்து ஈடு செய்யும் வேலை நடக்க வேண்டும். ஆலோசகர் தானாக எடுக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

மன்னிப்புக் கேட்பதற்கும் செய்நேர்த்தி உண்டு. ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் மன்னிப்பின் ஆறு பகுதிகளை ஒப்பிட்டார்கள்: வருத்தம் தெரிவிப்பது, நடந்ததை விளக்குவது, பொறுப்பை ஒப்புக்கொள்வது, இனிச் செய்யமாட்டேன் என்பது, ஈடு செய்ய முன்வருவது, மன்னிக்கும்படி கேட்பது. கேட்பவர் மனதில் அதிகம் எடுபட்டது பொறுப்பை ஒப்புக்கொள்வது. அடுத்தது ஈடு செய்ய முன்வருவது. கடைசி இடத்தில் இருந்தது, “என்னை மன்னித்துவிடு” என்று கேட்பது. மக்கள் எழுதிக் கொண்டுவரும் மன்னிப்புக் கடிதங்களில் பல அந்தக் கடைசி வரியைச் சுற்றியே இருக்கும்.

ஆகவே கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். என்ன செய்தீர்கள் என்பது முதல் இரண்டு வரியில், மழுப்பாமல். அதனால் அவருக்கு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிந்த அளவு. நீங்கள் தரக்கூடிய ஈடு, இருந்தால். பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்ற ஒரு வரி. அவ்வளவுதான். எழுதியதை ஒரு வாரம் அப்படியே வைத்துவிட்டு ஆலோசகரோடு உட்கார்ந்து வெட்டுங்கள். “உனக்கு வலித்திருந்தால்” என்பதை வெட்ட வேண்டும், வலித்தது என்பது தெரியும். “அப்போது எனக்கு வயது அப்படி” என்பதையும், “இத்தனை வருடம் நான் தூங்கவே இல்லை” என்பதையும் வெட்ட வேண்டும். கடைசி வரி ரொம்ப உண்மையாக இருக்கலாம், ஆனால் அது அடிபட்டவர் மேல் உங்களைத் தேற்றும் வேலையைச் சுமத்துகிறது. ஒரு வழியில், ஒரே ஒரு முறை அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதுவும் பதில்தான், நினைவூட்டல் அனுப்பக் கூடாது. பணம் எடுத்த விஷயமாக இருந்தால் தொகையைப் பேச்சோடு நிறுத்தாமல் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டோடு போங்கள்.

சில இடங்களில் கடிதமே அனுப்பக் கூடாது. தொடர்பு வேண்டாம் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தால், நீதிமன்றத் தடை இருந்தால், உங்கள் தவறு உடல் அல்லது பாலியல் வன்முறையாக இருந்தால், அவருடைய இன்றைய குடும்பத்துக்குத் தெரியாத ஒன்று கடிதத்தால் வெளிப்பட்டுவிடும் என்றால், எழுதி ஆலோசகர் அறையிலேயே வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். குடிநோயாளிகளின் சுயஉதவிக் குழுவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1939இல் அச்சிட்ட பன்னிரண்டு படிகளிலும் இந்த எச்சரிக்கை இருக்கிறது. எட்டாவது படி, தீங்கு செய்தவர்களின் பட்டியல் போடுவது. ஒன்பதாவது, முடிந்தவரை நேரடியாக ஈடு செய்வது, ஆனால் அவர்களுக்கோ பிறருக்கோ அதனால் கெடுதி வரும் என்றால் செய்யாமலிருப்பது. குடியோடு பின்னிய தவறுகளுக்கு அந்தக் குழுக்கள் கவுன்சலிங்குக்கு நல்ல துணை.

அடிபட்டவர் இறந்துவிட்டால், அல்லது அணுக முடியாது என்றால், ஈடு வேறு பக்கம் திரும்ப வேண்டும். தவறின் தன்மையோடு அது ஒட்டியிருக்க வேண்டும்: கேலியால் ஒருவன் படிப்பு நின்றது என்றால் படிப்பு நின்ற பிள்ளைகளுக்கான வேலை, வண்டி விபத்து என்றால் காயம்பட்டவர்களின் மறுவாழ்வுக்கான வேலை. ஆரம்பமும் முடிவும் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு மணி நேரம், ஒரு வருடம் என்பது போல. ‘ஆயுள் முழுக்க’ என்று போட்டால் அது ஈடு ஆகாது, பழைய தண்டனையே வேறு பெயரில் வந்துவிடும்.

செய்தது சட்டப்படி குற்றம் என்றால் இன்னும் ஒரு படி முன்னால் இருக்கிறது. விவரத்தைச் சொல்வதற்கு முன்பே ரகசியக் காப்பின் எல்லை எது என்று ஆலோசகரிடம் கேளுங்கள். குழந்தைகளுக்கு எதிரான கொடுமை, யாருக்காவது இப்போது ஆபத்து என்பது போன்றவற்றைத் தெரிவிக்கும்படி பல நாடுகளின் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. முதல் அமர்வுத் தாளில் இதை எழுத்தில் தராத ஆலோசகர் கவனக்குறைவானவர். குற்றத்தை ஒப்புக்கொள்ள முடிவெடுத்தால் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை, செய்வதைத் தெளிவாகச் செய்ய வேண்டும் என்பதற்காக.

அமர்வுகளுக்கு இடையே தரப்படும் எழுத்துப் பயிற்சியைப் பற்றி: ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட முறைப்படி, தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை அழுத்தும் சம்பவத்தையும் உணர்வையும் நிறுத்தாமல் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் மனம் முன்பைவிடக் கனக்கும், அது எதிர்பார்த்ததுதான். நான்கு நாளுக்குப் பிறகும் அதே வாக்கியங்களே வந்துகொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். அது எழுத்தாகாது, அசைபோடுதல்தான். ஓசிடி உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சியைத் தரவே கூடாது.

வீடியோ வழி அமர்வு நேரில் போவதற்கு அதிகம் குறைந்ததில்லை, கதவைச் சாத்திக்கொள்ள அறை இருந்தால் போதும். எழுத்துச் செய்தி வழி மட்டும் நடக்கும் சேவையை இந்தப் பிரச்சினைக்குப் பரிந்துரைக்க முடியவில்லை. ஒப்புக்கொள்ளும் வாக்கியத்தைப் பத்து முறை திருத்தி அனுப்ப முடிகிறபோது, ஆலோசகர் பார்ப்பது திருத்தப்பட்ட ஆளை.

நான்காவது அமர்வு முடிவில் கணக்குப் பாருங்கள். தேதி போட்ட தாளும் பங்கு பிரித்த வட்டமும் கையில் இருக்க வேண்டும். வெறும் பேச்சு மட்டுமே நடந்திருந்தால், ஒவ்வொரு முறையும் அழுது தீர்த்துவிட்டு லேசாக வந்து இரண்டு நாளில் பழையபடி ஆகிறது என்றால், அதை ஆலோசகரிடமே சொல்லுங்கள். ஆறாவது அமர்விலும் மாற்றம் இல்லையென்றால் ஆளை மாற்றுங்கள். பாதிக்கப்பட்டவரைக் குறைத்துப் பேசுபவர், உங்கள் அனுமதியின்றிக் குடும்பத்தாரிடம் பேசுபவர், கேட்ட மாத்திரத்தில் முகம் சுளித்து உபதேசம் செய்பவர் ஆகியோரிடமிருந்து முதல் அமர்விலேயே எழுந்து வந்துவிடலாம்.

முடிக்கும்போது கடைசி இரண்டு அமர்வுகளை வாரத்துக்கு ஒன்றாக வைக்காமல் மாத இடைவெளியில் வைக்கச் சொல்லுங்கள், உறுத்தல் திரும்பும் நாட்களைச் சந்திக்க அந்த இடைவெளி வேண்டும். கடைசி அமர்வில் ஒரே ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள்: என் பங்கு என்ன, அதற்கு நான் செய்தது என்ன, செய்ய முடியாதது எது, உறுத்தல் மறுபடி கிளம்பக்கூடிய நாட்கள் எவை. சம்பவம் நடந்த தேதி, பிள்ளை அந்த வயதை எட்டும் வருடம், பழைய நண்பர்கள் கூடும் நிகழ்ச்சி எல்லாம் அதில் இருக்கட்டும். அந்த நாட்களுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு அமர்வுக்கு நேரம் வாங்கி வைத்துவிடுவது நல்லது.